எல்லாவற்றுக்கும் ஆம்

கம்ப்யூட்டர் திரையில் வரிசையாரின் இடது காது மட்டும்தான் தெரிந்தது.

அவர், அவர் மனைவி, நடுவில் பள்ளிச் சீருடையில் மகள் என்று மூன்று பேரும் நிற்கும் பழைய படம் அது. அதன்மேல் மஞ்சள் மஞ்சளாக ஃபோல்டர்கள் ஏறி உட்கார்ந்து, மனைவியை முழுவதுமாகவும் மகளை முக்கால்வாசியும் மூடிவிட்டிருந்தன. மிச்சம் இருந்தது அந்தக் காதுதான். அதன்மேலும் ஒன்று எப்போது ஏறும் என்று சொல்வதற்கில்லை.

"இது கம்ப்யூட்டரா, சந்தைக்கடையா?" என்றார் உரக்க.

பக்கத்து அறையில் தையல் மிஷின் நின்றது. "என்னங்க?"

"எல்லாத்தையும் கொண்டாந்து வாசல்லயே கொட்டி வச்சிருக்கியே!"

"வாசல்ல இருந்தாத்தானே சட்டுன்னு கைக்கு வரும்?" என்றாள் மனைவி. மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

வரிசையார் என்பது அவருடைய பெயர் அல்ல. ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறையைக் கட்டி ஆண்டவர் அவர். எந்தக் கோப்பைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவார். வரிசை தப்பி ஒரு காகிதம் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆரம்பத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் வரிசையார் என்றார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். கோபம் என்ன, உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் சும்மா இருப்பாரா? முதல் வாரம் செருப்புகளை அளவுப்படி அடுக்கினார். இரண்டாம் வாரம் மருந்து டப்பாவைப் பிடித்தார். மூன்றாம் வாரம் மனைவியின் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினார். வெள்ளை ஒரு நிறமே அல்ல என்பது அவருடைய கட்சி. அதனால் வெள்ளை நூலை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். எங்கே வைத்தார் என்று அவருக்கும் நினைவில்லாமல் போக, ஒரு வாடிக்கையாளரின் சட்டை இரண்டு நாள் பொத்தான் இல்லாமல் தொங்கியது.

அதற்குப் பிறகும் மனைவி சண்டை போடவில்லை. இன்று காலை அவளாகவே வந்து, "அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒரே குப்பையா கெடக்கு. நீங்கதான் அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்றாள். இத்தனை வருட மண வாழ்க்கையில், எதையாவது அடுக்கித் தரும்படி அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது இதுவே முதல் தடவை. வரிசையாருக்குத் தலைகால் புரியவில்லை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். எந்த வேலையையும் சுத்தமாகத் தொடங்க வேண்டும்.

பிறகு ஃபோல்டர்களின் பெயர்களைப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு மூச்சு வாங்கியது. எல்லாம் மனைவி வைத்த பெயர்கள். 'மழைல நனைஞ்சது.' 'பல்லு விழுந்தது.' 'அழுதுட்டே சிரிச்சது.' 'நீல கவுன்.' 'சும்மா.' 'சும்மா 2.'

"ஏம்மா, 'சும்மா 2'ன்னா என்ன அர்த்தம்?"

"'சும்மா' நிறைஞ்சு போச்சுங்க. அதான்."

பதிவறையில் ஒருவன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் அன்றைக்கே அவனை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார். மனைவியை மாற்ற முடியாது. பெயரை மாற்றலாம். 'குடும்பம்' என்று ஒரு பெரிய ஃபோல்டர் திறந்தார். அதற்குள் 'உறுப்பினர்கள்'. அதற்குள் 'மகள்'. அதற்குள் 'உடல்நலம்'. அதற்குள் 'பற்கள்'. அதற்குள் 'பால்பற்கள்'. 'பல்லு விழுந்தது' அங்கே போய் அடக்கமாக உட்கார வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அதைத் திறந்ததுதான் தவறு. முன்பல் இரண்டும் இல்லாமல் மகள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் அரிசி போல அந்தப் பல். 'எனக்கு இனிமே பேச்சு வராதா?' என்று அன்றைக்கு அவள் கேட்டதாக மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அன்று அவர் அலுவலகத்தில் இருந்தார்.

'மழைல நனைஞ்சது' திறந்தார். தாயும் மகளும் வாசல் கேட்டருகே தெப்பமாக நனைந்து நின்றார்கள். குடை மகளின் கையில் மூடியபடியே இருந்தது. இதை எடுத்தது யார்? எதிர்வீட்டுக்காரராக இருக்கும். அன்றும் அவர் அலுவலகத்தில்தான் இருந்தார்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். எந்தப் படத்திலும் அவர் இல்லை. 'அவர்' என்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. ஆசையாகத் திறந்தார். உள்ளே மூன்றே படங்கள். ஒன்றில் நாற்காலியிலேயே தூங்குகிறார். இன்னொன்றில் பையோடு தெருவில் போகிறார், முதுகு மட்டும் தெரிகிறது. மூன்றாவதில் ஆட்டம் கண்டு எல்லாம் கலங்கித் தெரிகிறது. அவசரமாகக் கிளம்பியிருப்பார் போலிருக்கிறது.

வரிசையார் அந்த ஃபோல்டரைச் சட்டென்று மூடினார். பிறகு இன்னும் வேகமாக அடுக்கினார். மத்தியானத்துக்குள் டெஸ்க்டாப் துடைத்துவிட்டது போல ஆனது. மூன்று பேர் முகங்களும் பளிச்சென்று தெரிந்தன.

"இங்க வந்து பாரு! உன் முகம் தெரியுது!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அட, நான் அப்ப எவ்வளவு ஒல்லியா இருந்திருக்கேன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் மகள் வெளியூரிலிருந்து ஃபோன் செய்தாள்.

"அப்பா, குட்டிக்கு இன்னைக்குச் சாயங்காலம் பிறந்தநாள் பார்ட்டி. நான் அஞ்சு வயசுல எப்படி இருந்தேன்னு பெரிய திரையில போட்டுக் காட்டப் போறோம். அந்த ஒளிஞ்சு விளையாடற வீடியோவை அனுப்புங்கப்பா."

"எது, திரைச்சீலை வீடியோவா?"

"அதேதான். தாத்தா திரைச்சீலைக்குப் பின்னாடி ஒளிஞ்சாருன்னு சொன்னா அவ நம்பவே மாட்டேங்கறா. தாத்தா ஒளியற ஆள் இல்லையாம், அடுக்கற ஆளாம்."

வரிசையார் சிரித்தார். அந்த வீடியோ அவருக்கு மனப்பாடம்; அதில் அவர் கண் மகளை விட்டு நகர்ந்ததே இல்லை. ஒருநாள் பதிவறைக்குக் கரையான் மருந்து அடித்தார்கள். உள்ளே யாரும் போகக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்தவரை மகள் பிடித்துக்கொண்டாள். அவள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவாள், ஏழு என்பதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். அவர் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பார். அவள் கட்டிலடி, அலமாரி, கடைசியில் தண்ணீர்க் குடத்துக்குள்ளே கூட எட்டிப் பார்ப்பாள். படம் பிடித்த மனைவியின் சிரிப்பு நடுநடுவே கேட்கும். அப்பா என்று ஒருவர் அந்த வீட்டில் மகளோடு விளையாடினார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

"இதோ, ரெண்டே நிமிஷம்!" என்று ஃபோனை வைத்தார்.

மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் 'ஒளிஞ்சது'. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினார். அப்படி ஒன்று இல்லை என்றது கம்ப்யூட்டர். எப்படி இருக்கும்? பெயரைத்தான் அவரே மாற்றிவிட்டாரே. என்னவென்று மாற்றினார்? 'குடும்பம்' போனார், 'உறுப்பினர்கள்' போனார், 'மகள்' போனார், 'பொழுதுபோக்கு' போனார், 'உள்ளரங்கு' போனார். அங்கே ஊஞ்சல் படம் இருந்தது. ஊஞ்சல் எப்படி உள்ளரங்குக்கு வந்தது? 'வெளியரங்கு' போனார். அங்கே பல் இருந்தது. நேரம் போகப் போக அவசரத்தில் எதை எங்கே எறிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சில ஃபோல்டர்களைத் திறக்கவே முடியவில்லை. இவ்வளவு நீளமான வழியில் போக என்னால் ஆகாது என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது.

"என்னங்க, கிடைச்சுதா?" என்றது பக்கத்து அறை.

"கிடைக்காம என்ன? முறைப்படி வந்துட்டிருக்கு!"

பொருள்வாரியாக அடுக்கியதுதான் பிழை என்று முடிவு கட்டினார். தேதிவாரியாக அடுக்கினால் எதுவும் தப்பாது. கரையான் மருந்து அடித்த தேதி அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்தத் தேதிக்குப் போனால் வீடியோ உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த தேதிப்படி ஒழுங்குபடுத்தும்படி கம்ப்யூட்டருக்கு ஆணையிட்டார்.

அது ஒழுங்குபடுத்தியது. எல்லாம் ஒரே தேதியில் வந்து நின்றன. ஜனவரி ஒன்று.

வரிசையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜனவரி ஒன்றேதான்.

"ஏம்மா, அந்தப் பழைய கேமராவுல தேதி வைக்கற வழக்கமே இல்லையா?"

"எங்கங்க? பேட்டரியைக் கழட்டினா தேதியை மறந்துடும். ஒவ்வொரு தடவையும் ஜனவரி ஒண்ணுன்னு காட்டும். நானும் சரி, புது வருஷம் பொறந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவருடைய மகள் ஜனவரி ஒன்றாம் தேதி நடக்கப் பழகி, அன்றே பல் விழுந்து, அன்றே பள்ளிக்கூடம் சேர்ந்து, அன்றே மழையில் நனைந்து, அன்றே பட்டமும் வாங்கிவிட்டாள். ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. அலுவலகத்துக்கு ஒருநாள் போய்விட்டு வந்து பார்த்தால் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

சரி, தேதி ஒன்றுதான் என்றால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று துணிந்தார். கொட்டும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இதே எண்ணில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை நீக்கிவிட்டு இதை வைக்கட்டுமா?

விஷயம் இதுதான். அந்தக் கேமரா ஒவ்வொரு முறை படங்களை இறக்கிக் காலியாக்கும்போதும் எண்ணை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எல்லா ஃபோல்டரிலும் ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று படங்கள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள். பதிவறையில் அவர் எழுதி ஒட்டி வைத்திருந்த முதல் சட்டம், ஒரே எண்ணில் இரண்டு கோப்பு இருக்கக்கூடாது, புதியது வந்தால் பழையது ரத்து என்பது. இந்தக் கம்ப்யூட்டருக்காவது நம் முறை தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று அழுத்தினார்.

ஒரு பச்சைக் கோடு நிதானமாக ஓடி முடிந்தது.

ஃபோல்டரைத் திறந்தார். முதல் படத்தில் ஒரு கட்டை விரல். அடுத்ததில் தரை. அதற்கடுத்து மின்விசிறியின் ஒரு இறக்கை, பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, ஒரு சட்டைக் காலர், மறுபடியும் கட்டை விரல். கடைசியாகக் கொட்டியது, எல்லாவற்றிலும் படம் அதிகமான 'சும்மா 2'. மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு அது மட்டும் ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தது.

வரிசையார் அவசரமாகக் குப்பைத்தொட்டியைத் திறந்தார். அதைத்தான் காலையிலேயே பெருக்கித் தள்ளியாகிவிட்டதே. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்கு ஃபோன் போட்டார். மருந்துக் கடை மாடியில் கடை வைத்திருக்கும் அவரை எல்லோரும் 'ரீஸ்டார்ட்' என்றுதான் சொல்வார்கள். எந்த வியாதிக்கும் அவர் முதலில் சொல்லும் வைத்தியம் அது.

"தம்பி, எல்லாம் போச்சு தம்பி!" என்றார் அடிக்குரலில்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"படமெல்லாம் போச்சுய்யா! என் பொண்ணு பல்லு, மழை, வீடியோ, எல்லாம்!"

"பதறாதீங்க சார். எதையும் தொடாதீங்க. கடையில ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்."

கதவு தட்டப்பட்டது. மனைவி டீயோடு நின்றாள். "உள்ள தாழ் போட்டுக்கிட்டு யாரோட பேசறீங்க?"

"யாரோடயும் இல்ல. கம்ப்யூட்டரோடதான்."

"அது பதில் சொல்லுதா?"

"அது கேள்விதான் கேக்குது" என்றார் வரிசையார் பரிதாபமாக. டீயை வைத்துவிட்டு, அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க. இங்க திரை எல்லாம் கட்டியாச்சு."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். வாய் வரவில்லை.

"பாப்பா, அது போயிடுச்சும்மா. நான்தான் அடுக்கறேன்னு சொல்லி அழிச்சுட்டேன். அது ஒண்ணுதாம்மா இருந்தது. நான் உன்னோட விளையாடினதுன்னு காட்ட அது ஒண்ணுதான் இருந்தது."



"அப்பா, ஒண்ணு சொல்லட்டா? அந்தத் திரைச்சீலை பாதி உசரம்தான். உங்க ரெண்டு காலும் முழுசா வெளிய தெரிஞ்சது."

"என்னது?"

"மொதல்லயே பாத்துட்டேன்ப்பா. கண்டுபிடிச்சா ஆட்டம் முடிஞ்சுடும். முடிஞ்சா நீங்க சட்டையை மாட்டிட்டு ஆபீஸ் கிளம்பிடுவீங்க. அதான் குடத்துக்குள்ள எல்லாம் தேடினேன்."

வரிசையாருக்குத் திரையில் அந்தக் கட்டை விரல் படம் கலங்கித் தெரிந்தது.

"வீடியோ போனாப் போகுதுப்பா. நானே வாயால சொல்லிக் காட்டிடறேன்" என்று மகள் ஃபோனை வைத்தாள்.

வரிசையார் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். மிஷின் முன்னால் நின்றுகொண்டு, ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். பால்பற்களிலிருந்து ஆரம்பித்து 'எல்லாவற்றுக்கும் ஆம்' வரைக்கும் சொன்னார். மனைவி அழுவாள் என்று நினைத்தார். குறைந்தபட்சம் கத்தரிக்கோலையாவது கீழே போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

"சரி, விடுங்க" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "டீ ஆறிடப் போகுது."

"உனக்குக் கொஞ்சம் கூட வருத்தமே இல்லையா? மொத்தமும் போச்சுன்னு சொல்றேன்!"

"வருத்தப்பட்டா வந்துடுமா? ஒரு ஃபோன் பண்ணணும், கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க."

கல்நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஆறிய டீயைக் குடித்தார். திரையில் மூன்று முகங்களும் இப்போது தெளிவாகத் தெரிந்தன. மூடுவதற்கு ஒரு ஃபோல்டர்கூட இல்லை. அந்த வெறுமையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் குப்பையையே யாராவது திருப்பிக் கொடுத்தால் போதும், காது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

மறுபடியும் ஃபோன் அடித்தது. எடுத்ததும் கூச்சல், கைதட்டல், சிரிப்பு.

"அப்பா! வந்துடுச்சுப்பா! வீடியோ வந்துடுச்சு! இப்பத்தான் போட்டோம். குட்டி உங்க காலைப் பாத்துட்டு உருண்டு உருண்டு சிரிக்கறா!"

"வந்துடுச்சா? எப்படி வந்தது?"

"நீங்க அனுப்பலையா?"

வரிசையார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருடைய முதுகு நிமிர்ந்தது. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். மகள் கேட்ட சமயம் பார்த்துத் தானாகவே அனுப்பியிருக்கிறது. அப்படியானால் அவர் அடுக்கியது வீண்போகவில்லை.

"முறைன்னு ஒண்ணு இருந்தா எதுவும் எங்கயும் போயிடாதும்மா" என்றார் கம்பீரமாக. "வரவேண்டிய நேரத்துல தானா வரும். அம்மா மாதிரி வாசல்ல கொட்டி வச்சிருந்தா வந்திருக்குமா?"

பக்கத்து அறையில் மனைவிக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினாள்.

அந்த நேரம் பார்த்து ரீஸ்டார்ட் படியேறி வந்தார். வரிசையார் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, தம் அடுக்குமுறையின் பெருமைகளை ஆதியோடந்தமாக விளக்கினார். அழிந்த பிறகும் ஒரு வீடியோ எப்படித் தானாகவே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொன்னார். இதை அப்படியே உங்கள் கடையிலும் பின்பற்றலாம் என்று யோசனையும் சொன்னார். ரீஸ்டார்ட் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பார்வை மட்டும் பக்கத்து அறை வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. மனைவி அங்கே நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் ரீஸ்டார்ட்டுக்குப் பேச்சை உள்ளே வைத்துக்கொண்டு பழக்கமில்லை.

"தானா எங்க சார் போச்சு? அம்மா சொல்லி நான்தான் இப்பக் கடையிலேர்ந்து அனுப்பிட்டு வர்றேன். அசல் எல்லாம் போன வாரமே எங்கிட்ட வந்துடுச்சு. இது, நீங்க அடுத்து சமையல்கட்டுக்குள்ள வந்துடாம இருக்கறதுக்காக, அடுக்கறதுக்குன்னே அம்மா போடச் சொன்ன நகல். அம்மா, மறுபடியும் பழையபடி கலைச்சு வச்சுடட்டுமா?"